தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு இந்த வரி மறக்காது. உப்புக் கரைசல் கொஞ்சம், நீர்த்த நைட்ரிக் அமிலம் கொஞ்சம், அதன் மேல் சில்வர் நைட்ரேட் நாலு சொட்டு. தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு. அம்மோனியா விட்டால் கரைகிறதா? கரைகிறது. குளோரைடு உறுதி. ரெக்கார்டு நோட்டில் சோதனைக்கு ஒரு கட்டம், கண்டதற்கு ஒரு கட்டம், அறிந்ததற்கு ஒரு கட்டம்.

நாலாவதாக ஒரு கட்டம் இருந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது: எவ்வளவு நேரம் காத்திருந்தாய்?

சாப்பாட்டு உப்புக்கு அந்தக் கேள்வியே எழாது. தண்ணீரில் கரைந்த உப்பில் குளோரைடு அயனிகள் தனித்தனியாக அலைந்துகொண்டிருக்கும். வெள்ளி அயனி வந்த கணமே இரண்டும் சேர்ந்து திடப்பொருளாகிக் கீழே விழும். சொட்டு விழுந்தவுடன் தயிர். ஆனால் குளோரின் ஒரு உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கும்போது கதை வேறு. அந்த உலோகம் பிளாட்டினமாக இருந்தால் இன்னும் வேறு.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வேதியியலாளர்களிடம் பிளாட்டினம், அம்மோனியா, குளோரின் மூன்றும் சேர்ந்த சேர்மங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பிளாட்டினம், இரண்டு குளோரின் என்பது எல்லாவற்றிலும் பொது. அம்மோனியா எண்ணிக்கை மட்டும் மாறும். நாலு அம்மோனியா இருப்பதைக் கரைத்து சில்வர் நைட்ரேட் விட்டால் இரண்டு குளோரினும் தயிராக விழும். மூன்று அம்மோனியா இருந்தால் ஒன்றுதான் விழும். இரண்டே அம்மோனியா இருந்தால் எதுவும் விழாது. குளோரின் உள்ளே இருக்கிறது, எடை போட்டால் தெரிகிறது, ஆனால் வெள்ளி கூப்பிட்டால் வருவதில்லை.

அப்போது செல்வாக்கோடு இருந்தது சங்கிலிக் கொள்கை. டென்மார்க்கின் யோர்கென்சன் அதன் பெரிய வழக்கறிஞர். அம்மோனியாக்கள் கைகோத்த சங்கிலியாக நிற்கின்றன, சங்கிலியின் நுனியில் இருக்கும் குளோரின் சுலபமாகக் கழன்று வரும், உலோகத்தை ஒட்டியிருப்பது வராது என்றார்கள். 1893இல் ஆல்ஃபிரட் வெர்னர், அப்போது அவருக்கு 26 வயது, சங்கிலியே கிடையாது என்றார். பிளாட்டினம் நடுவில். அதைச் சுற்றி ஒரே தளத்தில் நாலு இடங்கள், சதுரத்தின் நாலு மூலைகள் மாதிரி. அந்த நாலு இடத்தில் உட்கார்ந்தவர்கள் வீட்டுக்குள் இருப்பவர்கள். இடம் கிடைக்காதவர்கள் திண்ணையில். வெள்ளி என்பது தெருவில் நின்று கூப்பிடும் ஆள். திண்ணையில் இருப்பவர் உடனே எழுந்து வந்துவிடுவார். வீட்டுக்குள் இருப்பவர் வரமாட்டார்.

மியோலாட்டியோடு சேர்ந்து வெர்னர் மின்கடத்துத்திறனையும் அளந்தார். கரைசலில் அயனிகள் அதிகம் என்றால் மின்சாரம் அதிகம் பாயும். வெள்ளி சொன்ன கணக்கும் கடத்துத்திறன் சொன்ன கணக்கும் ஒத்துப்போயின. யோர்கென்சன் நேர்மையான மனிதர், தன் கொள்கைக்கு எதிரான சான்று கண்முன் வந்த பிறகு 1907இல் ஒப்புக்கொண்டார். வெர்னருக்கு 1913இல் நோபல். பாடப்புத்தகத்தில் இந்த இடத்தில் ஒரு அட்டவணை வரும், அதற்குக் கீழே ஐந்து மதிப்பெண் கேள்வி வரும், பாடம் முடியும்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர் வரமாட்டார் என்றோம் இல்லையா? அது உண்மையில் 'இப்போதைக்கு வரமாட்டார்' என்பதுதான். வெள்ளி வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், ராத்திரி முழுக்க நின்றால், உள்ளே இருந்த குளோரினும் ஒவ்வொன்றாக இறங்கி வரும். காலையில் டெஸ்ட் டியூபின் அடியில் அதே தயிர். வெர்னரின் சோதனை வேலை செய்ததற்குக் காரணம் பிளாட்டினம் தன்னிடம் இருப்பதை விட மறுப்பதால் அல்ல, விடுவதற்கு மணிக்கணக்கில் நேரம் எடுத்துக்கொள்வதால். தாமிரத்தையோ நிக்கலையோ வைத்து இதே அட்டவணையைப் போட முயன்றிருந்தால் எதுவும் தேறியிருக்காது. அவை கண் சிமிட்டுவதற்குள் தங்களைச் சுற்றி இருப்பவர்களை மாற்றிக்கொள்பவை. அணைவுச் சேர்மங்களின் அமைப்பைப் பற்றிய அறிவு முழுக்க கோபால்ட், பிளாட்டினம் மாதிரியான நாலைந்து சோம்பேறி உலோகங்களின் தயவில் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

உறுதி வேறு, நிதானம் வேறு என்பதை ஹென்றி டாப் 1952இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று பிரித்துக்காட்டியது. ஒரு சேர்மம் ஆற்றல் கணக்கில் உடைந்துபோக வேண்டியதாக இருக்கலாம். ஆனாலும் மாதக்கணக்கில் உடையாமல் நிற்கலாம். அறை வெப்பநிலையில், சாதாரண செறிவில், சுமார் ஒரு நிமிடத்துக்குள் வினை முடிந்துவிட்டால் அது வேகக்காரன், முடியாவிட்டால் மந்தக்காரன். அவ்வளவு எளிய கோடு. டாப்புக்கும் நோபல் வந்தது, 1983இல், 31 வருடம் கழித்து.

இப்போது அந்த இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின் சேர்மத்துக்கு வருகிறேன். மஞ்சள் நிறத் தூள். 1844இல் மிகேலே பெய்ரோனே என்ற இத்தாலியர் செய்தது. நீண்ட காலம் 'பெய்ரோனே குளோரைடு' என்றே பெயர். எந்த உபயோகமும் இல்லாமல் நூறு வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்தது. 1961இல் அமெரிக்காவின் ஐயோவாவில் ரெய்ஷஸ், மார்ட்டின் என்ற இருவர் அதிலிருந்து குளோரைடு எவ்வளவு வேகத்தில் கழன்று போகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். கதிரியக்கக் குளோரினைக் கரைசலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் உள்ளே இருக்கும் குளோரினோடு இடம் மாறுகிறது என்றும் பார்த்தார்கள். 25 டிகிரியில் முதல் குளோரைடு பாதியளவு கழல ஏழெட்டு மணி நேரம். யாருக்கு வேண்டும் இந்த எண்? அந்த வருடம் அதே வேலையில் இருந்த சில பேரைத் தவிர யாருக்கும் வேண்டாம்.

நாலு வருடம் கழித்து, 1965இல், மிச்சிகனில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்கள் மீது மின்புலம் என்ன செய்கிறது என்று பார்க்கப் போனார். மின்வாய்கள் பிளாட்டினம். பிளாட்டினம் எதனோடும் வினைபுரியாது என்று நம்பித்தான் எல்லோரும் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். பாக்டீரியாக்கள் பிரிவதை நிறுத்திவிட்டு நூல் நூலாக நீண்டன, வழக்கத்தைவிட 300 மடங்கு வரை. மின்சாரம் காரணமில்லை என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச காலமானது. மின்வாயிலிருந்து மிக மெல்லக் கரைந்த பிளாட்டினம், கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடோடு சேர்ந்து ஏதோ ஒன்றை உண்டாக்கியிருந்தது. தேடிப் போனால் பெய்ரோனேயின் பழைய மஞ்சள் தூள். 1978இல் அது புற்றுநோய் மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிஸ்பிளாட்டின்.

இதையெல்லாம் நான் வரிசையாகப் படிக்கவில்லை. பின்னாலிருந்து முன்னால் படித்தேன். ஒரு கீமோ வார்டில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, லேப்டாப்பில் ஆபீஸ் வேலையை ஓரமாகத் திறந்து வைத்துக்கொண்டு.

அப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில். கதிர்வீச்சு வாரத்தில் ஐந்து நாள், சிஸ்பிளாட்டின் வாரம் ஒருமுறை, ஆறு வாரம். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் என்பது கணக்கு. மருந்துக்கு முன்னால் ஒரு பாட்டில் சலைன், மருந்தும் சலைனில் கலந்து, அதற்குப் பின்னாலும் சலைன். காலையில் போனால் சாயங்காலம் ஆகிவிடும். இத்தனை உப்புத் தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். கிட்னிக்கு நல்லது என்றார் நர்ஸ். சரியான பதில்தான். நான் படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங், அதனால் இன்னொரு பாதி பதில் எனக்கு வேண்டியிருந்தது.

அப்பா கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறை இப்போதும் இருக்கிறது, அப்பாவோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் பார்த்துக்கொள்கிறார். மருந்தில் பிளாட்டினம் இருக்கிறது என்று சொன்னபோது அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எடை கேட்டார்.

"மருந்து 64 மில்லிகிராமுங்ப்பா. அதுல மூணுல ரெண்டு பங்குதான் பிளாட்டினம். ஒரு நாப்பத்திரண்டு மில்லி வரும்."

"குன்றிமணியில மூணுல ஒண்ணு. அது அவ்வளவும் போயி வேலை செய்யுமா?"

செய்யாது என்றேன். பெரும்பகுதி ரத்தத்தில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுவிடும். நிறைய சிறுநீரில் போய்விடும். புற்று செல்லின் மரபணுவைப் போய்ச் சேர்வது மிக மிகச் சிறு பங்கு.

"அப்ப செய்கூலிய விட சேதாரம் ஜாஸ்தி" என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாக்கடையை அலசினால் பிளாட்டினம் தேறுமே என்றார். பட்டறை கூட்டிய குப்பையைக்கூட விலைக்கு வாங்கிப் போகிற ஊர்க்காரர். ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் பிளாட்டினத்தை உண்மையிலேயே அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று காட்டினேன். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த திருப்தியை அந்த ஆறு வாரத்தில் நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

இன்னொரு நாள் என் திரையில் இருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன கண்ணு, ரேட்டு ரேட்டுன்னு போட்டிருக்குது. பிளாட்டினம் என்ன ரேட்டு ஓடுது?"

"வெல இல்லீங்ப்பா. வேகம். எவ்வளவு வேகமா வினை நடக்குதுன்னு."

"பிளாட்டினத்துக்கு ஏது வேகம்? எந்தத் திராவகத்துல போட்டாலும் செவனேன்னு கெடக்கும்."

அவர் சொன்னதுதான் அந்த மருந்தின் மொத்த ரகசியமும். சிஸ்பிளாட்டின் அப்படியே போய் மரபணுவைத் தாக்குவதில்லை. முதலில் ஒரு குளோரைடு கழல வேண்டும், அந்த இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து உட்கார வேண்டும். நீர் சுலபமாக இடம் விடும் ஆள். அதைத் தள்ளிவிட்டுத்தான் மரபணுவில் இருக்கும் குவானின் பிளாட்டினத்தோடு பிணைகிறது. பிறகு இரண்டாவது குளோரைடும் போய், பக்கத்துக் குவானினும் பிணைந்து, மரபணு ஏணி அந்த இடத்தில் மடங்கிப் போகிறது. உடல் வெப்பத்தில் அந்த முதல் படிக்குப் பாதி முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் குளோரைடு. கழன்று போகப் பார்க்கும் குளோரைடைச் சுற்றியிருக்கும் கூட்டம் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறது. செல்லுக்குள் குளோரைடு அதில் ஒரு சிறு பங்குதான். அங்கே கழன்றது திரும்பி வருவதில்லை. ஆக, ரத்தத்தில் பெரும்பாலும் அடங்கி, செல்லுக்குள் போனதும் அவிழும் ஒரு முடிச்சு. சலைன் பாட்டிலில் இருப்பது 154 மில்லிமோல் குளோரைடு. அதில் கலந்தால் மருந்து பாட்டிலிலேயே அவிழ்ந்துவிடாது. நர்ஸ் சொன்ன பதிலின் மறுபாதி இதுதான்.

பிளாட்டினத்துக்குப் பதில் பல்லேடியம் வைத்து இதே வடிவத்தில் செய்தால்? அதே சதுரம், அதே இரண்டு அம்மோனியா, அதே இரண்டு குளோரைடு. விலைக்காகவாவது யாரும் யோசித்துப் பார்ப்பார்கள். ஆனால் பல்லேடியம் தன் ஈனிகளைச் சுமார் ஒரு லட்சம் மடங்கு வேகமாக விடும். இரண்டு மணி நேரம் ஆகவேண்டிய வேலை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கில் முடியும். புற்றை எட்டும் முன்பே வழியில் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டுவிடும். நான் வேலை பார்க்கும் இடத்தில் மில்லிநொடிகளைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மெதுவாக இருப்பதையே ஒரு பொருளின் தகுதியாக வைத்து யோசிக்க எனக்கு ரொம்பப் பழக்கமில்லை.

வெள்ளி இந்தக் கதையில் திரும்ப வருவது மருந்தைத் தயாரிக்கும் இடத்தில். பெய்ரோனே முறையில் செய்தால் வேண்டாத பச்சை உப்பும், எதிரெதிர் மூலையில் அம்மோனியா உட்கார்ந்த உபயோகமில்லாத வடிவமும் கலந்து வரும். 1970இல் எஸ். சி. தாரா என்பவர் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் கெமிஸ்ட்ரி'யில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். முதலில் குளோரைடுகளை எல்லாம் எடுத்துவிட்டு அயோடைடுகளை வை. அயோடைடு தனக்கு எதிர் மூலையில் இருப்பவரைக் கிளப்பிவிடுவதில் கெட்டிக்காரன். அம்மோனியாவை விட்டால் முதல் அம்மோனியா ஒரு அயோடைடுக்கு எதிரே உட்காரும். இரண்டாவதும் இன்னொரு அயோடைடுக்கு எதிரேதான் உட்காரும். அப்படி வரும்போது இரண்டு அம்மோனியாவும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிடும். பிறகு சில்வர் நைட்ரேட். வெள்ளி இரண்டு அயோடைடையும் பிடுங்கிக்கொண்டு மஞ்சளாகக் கீழே இறங்கும். வடிகட்டி, தெளிந்த கரைசலில் பொட்டாசியம் குளோரைடு விட்டால் சிஸ்பிளாட்டின், அதுவும் மஞ்சள். உலகத்தில் இந்த மருந்தைச் செய்பவர்கள் இன்றும் தாரா முறை என்றே இதைச் சொல்கிறார்கள். தலைப்பிலேயே 'விரைவான முறை' என்று போட்டிருந்தார் அவர். வடிவத்தைச் சரியாக அமைப்பதும் எளிதில் பிரிக்க முடியாததைப் பிரிப்பதும் அந்த ஒரு குறிப்பில் அடங்கிவிட்டது, அதற்கு யாரும் சிலை வைக்கவில்லை.

கல்லூரித் தோழி ஒருத்தி எங்கள் பிரிவிலிருந்து தப்பி வேதியியல் ஆய்வுக்குப் போனவள், பிளாட்டினச் சேர்மங்களோடுதான் வேலை. வெள்ளி உப்பு ஒரு பிளாட்டினச் சேர்மத்திலிருந்து குளோரைடைப் பிடுங்கும் வேகத்தை எப்படி அளப்பீர்கள் என்று ஒரு ராத்திரி போனில் கேட்டேன். சுலபம்தானே, தயிர் எவ்வளவு விழுகிறது என்று நேரத்தோடு பார்த்தால் போதாதா?

"அங்கதான்டா மாட்டிக்குவ" என்றாள்.

முதல் சிக்கல், கரைசல் கலங்கிவிடும். ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கும் கருவியில் வைத்தால், கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். சிதறலை உறிஞ்சல் என்று கருவி எழுதிக்கொள்ளும். இரண்டாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. வெள்ளிக் குளோரைடு உருவாவது ஒன்று, அது திரண்டு கண்ணுக்குத் தெரியும் துகளாவது வேறொன்று. திரள்வதற்கும் தனியாக ஒரு வேகம் உண்டு. அளந்து வரைந்த வளைகோடு பிளாட்டினம் குளோரைடை விட்ட வேகமா, தயிர் உறைந்த வேகமா என்று தெரியாமல் போகும். அதனால் அவ்வப்போது கொஞ்சம் எடுத்து நுண்வடியில் வடித்து, கரைசலில் மிச்சமிருக்கும் வெள்ளியை மின்வாய் வைத்து அளப்பார்கள். எல்லாம் இருட்டில். வெள்ளி உப்புகள் வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும். குடுவைக்கு மேல் அலுமினியத் தாளைச் சுற்றுவார்கள், நாம் சப்பாத்திக்குச் சுற்றுவதைத்தான்.

மூன்றாவதை அவள் ஒரு கேள்வியாகக் கேட்டாள். வெள்ளி வெறுமனே வாசலில் நின்று, தானாகக் கழன்று வரும் குளோரைடைப் பிடிக்கிறதா? இல்லை, உள்ளே கையை விட்டு இழுக்கிறதா?

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெள்ளியின் அளவை இரட்டிப்பாக்கிப் பார். வேகம் மாறவில்லை என்றால் வெள்ளி வாசலில் நிற்கிறது, குளோரைடு தன் நேரத்தில் வருகிறது. வேகமும் கூடினால் வெள்ளி இழுக்கிறது. பிளாட்டினத்தோடு பிணைந்திருக்கும் குளோரைடின் வெளிப்பக்கத்தில் வெள்ளி வந்து தொற்றிக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் குளோரைடு பாலம் மாதிரி நிற்கும், பிளாட்டினப் பக்கத்துப் பிடி தளரும். ஆக, கட்டப்பட்ட குளோரைடு எவ்வளவு என்று வெள்ளியை வைத்து எண்ணப் போனால், எண்ணுகிற கையே கட்டை அவிழ்க்க ஆரம்பித்துவிடும். புரோகிராம் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று பார்க்க ஒரு கருவியை மாட்டினால், அந்தக் கருவியாலேயே அது இன்னும் மெதுவாகும். எங்கள் தொழிலில் தினமும் நடப்பது. அவளுக்கு இது சொன்னவுடன் புரிந்தது. குளிர்வித்து, சட்டென்று அளந்து முடித்துவிட வேண்டும் என்றாள்.

வேறொரு இடத்தில் அதே இழுப்பு உபயோகம். குளோரைடுக்குப் பதில் நீர் உட்கார்ந்த வடிவத்தைத் தனியாகச் செய்ய வேண்டும் என்றால், சிஸ்பிளாட்டினோடு வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து இருட்டில் ராத்திரி முழுக்கக் கலக்கி, காலையில் தயிரை வடிகட்டி எறிகிறார்கள். வெள்ளியைக் கணக்குக்கு ஒரு துளி குறைவாகத்தான் சேர்ப்பார்கள், மிச்ச வெள்ளி கரைசலில் தங்கி அடுத்த அளவீட்டைக் கெடுக்காமல் இருக்க. மெதுவான முதல் படியை வெள்ளி தாண்ட வைத்துவிட்டதால், அதற்குப் பின்னால் வரும் படிகளின் வேகத்தைத் தனித்தனியாக அளக்கலாம். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதன் கால அட்டவணை இப்படித் துண்டு துண்டாகத்தான் வந்தது.

போனை வைத்ததும் அப்பாவிடம் இதைச் சொன்னேன், வெள்ளியைப் பற்றியது என்பதால். தங்கத்தில் கலந்த வெள்ளியைப் பிரிக்க நைட்ரிக் திராவகத்தில் போடுவது பட்டறையில் வழக்கம். வெள்ளி கரைந்துவிடும், தங்கம் நிற்கும். கரைந்த வெள்ளியைத் திரும்ப எடுத்த பிறகு, மிச்சத் திராவகத்தைக் கொட்டும் முன் அப்பா ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பார்ப்பார். வெள்ளையாகத் திரண்டால் இன்னும் வெள்ளி பாக்கி. வெர்னர் சோதனையைத் தலைகீழாகப் போட்டது. அவருக்கு அது வேதியியல் என்று தெரியும், சோதனைக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரியாது. "நான் போட்டா ஒடனே தெரியும். ராத்திரி பூராவும் உக்காந்துட்டு இருந்தா பட்டறைய எவன் பாக்கறது?" என்றார். தொண்டையில் புண் வந்திருந்தது. அதற்கு மேல் பேசவில்லை.

நாலாவது வாரம் முடிந்தபோது காதில் ரீங்காரம் என்றார். வண்டு சுத்துற மாதிரி. கேட்கும் திறனைச் சோதித்தார்கள். தாழ்ந்த சுருதிகள் சரி, 8000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு சரிந்திருந்தது. சிஸ்பிளாட்டின் காதில் முதலில் தொடுவது உச்ச சுருதிகளை. உள்காதின் நத்தைச் சுருளுக்குள் போன பிளாட்டினம் வெளியேற மாதங்கள், வருடங்கள்கூட ஆகும் என்று படித்திருந்தேன். எந்த நிதானத்தை இத்தனை நாள் வியந்துகொண்டிருந்தேனோ அதே நிதானம்.

டாக்டர் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். நாலு சைக்கிளில் சதுர மீட்டருக்கு 160 ஆகியிருக்கிறது. மொத்தம் 200 தொட்டால் நல்லது என்பதுதான் பொதுவான கணக்கு. ஐந்தாவது போட்டால் 200. போட்டால் காது இன்னும் கொஞ்சம் போகலாம். போன காது திரும்ப வராது. கார்போபிளாட்டினுக்கு மாறலாம், அது காதுக்கும் கிட்னிக்கும் சாது, ரத்த அணுக்களைத்தான் கூடுதலாகப் படுத்தும். ஆனால் இந்த இடத்துப் புற்றுக்கு சிஸ்பிளாட்டின்தான் அவருடைய முதல் தேர்வு.

கார்போபிளாட்டினில் குளோரைடுகளுக்குப் பதிலாக ஒரே அமிலம் இரண்டு கையாலும் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் பிடி விடுவது சிஸ்பிளாட்டினைவிடப் பல மடங்கு மெதுவாக. அதனால்தான் சாது. அதையும் வெள்ளி உப்பைக் கொண்டுதான் செய்கிறார்கள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எந்தப் பிணைப்பு எவ்வளவு நேரத்தில் அவிழும் என்று எழுதி வைத்த நோட்டு மடியில் இருந்தது. டாக்டர் கேட்ட கேள்விக்கு அந்த நோட்டில் பதில் இல்லை. அம்மா என்னைப் பார்த்தார். படித்தவன், நீ சொல்லு என்கிற பார்வை.

அப்பாதான் சொன்னார். "அஞ்சு போட்டுருங்க டாக்டர். அஞ்சோட நிறுத்திக்கலாம்."

ஆட்டோவில் வரும்போது, காது எதுக்குங்ப்பா தேவையோ அதையும் யோசிச்சீங்களா என்று கேட்டேன். பட்டறையில் அவர் வெள்ளி நாணயத்தைக் கல்லில் தட்டிக் காது கொடுத்துக் கேட்பவர். நல்ல வெள்ளி கணீரென்று நீளமாகப் பேசும். கலப்படம் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். உரைகல்லும் திராவகமும் இருந்தாலும் முதலில் காதுதான் என்பார்.

"நாக்குக்குத்தான வைத்தியம் பாக்கறோம்" என்றார். "ரெண்டும் வேணும்னா எப்படி?"

ஐந்தாவது பாட்டில் ஏறியபோது நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். காலை 11.20க்கு ஆரம்பித்தது. 1.20க்குப் பாதி என்று மனசுக்குள் கணக்கு. அப்படி நேர்கோட்டில் நடப்பதில்லை என்று தெரியும். மருந்து ஏறிக்கொண்டே இருக்கிறது, போய்க்கொண்டே இருக்கிறது, புரதம் பிடிக்கிறது, சிறுநீரகம் வடிக்கிறது. ஐயோவாவில் தண்ணீரில் அளந்த எண் ஒரு மனிதனின் ரத்தத்துக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் வைத்துக்கொள்ள அந்த ஒரு எண்தான் என்னிடம் இருந்தது. என்னவாகும் என்றே தெரியாமல் இரண்டு பேர் 1961இல் பொறுமையாக அளந்து வைத்த எண். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். 1.20க்கு நர்ஸ் வந்து பாட்டிலை மாற்றி அடுத்த சலைனைத் தொங்கவிட்டார்.

அது முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்கேன்கள் சுத்தமாக இருக்கின்றன. இந்த மருந்து எடுத்தவர்களின் ரத்தத்தில் பல வருடங்கள் கழித்தும் பிளாட்டினத்தை அளக்க முடிகிறது என்று அவரிடம் சொன்னபோது, அப்ப நானும் ஹால்மார்க்குதான் என்றார். டி.வி. சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது. குக்கர் விசில் கேட்கிறது, கொசு கேட்பதில்லை, அது ஒரு வசதி என்கிறார்.

போன மாதம் பட்டறைக்கு ஒருவர் பழைய ராஜா தலை ரூபாய்கள் கொண்டுவந்திருந்தார், பாட்டியின் பெட்டியில் கிடைத்தவை. நானும் அப்போது அங்கே இருந்தேன். அப்பா ஒன்றை எடுத்து, விரல் நுனியில் வைத்து, கல்லில் தட்டினார். எனக்குக் கேட்டது. அவர் தம்பியிடம் நீட்டினார்.

"நீ தட்டிப் பாரு. நீளமாப் பேசுதா?"

"பேசுதுங்ண்ணா."

"எவ்வளவு நேரம்?"

தம்பி இன்னொரு தரம் தட்டினார்.